ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு சொல்

காலை எட்டரை மணிப் பேருந்து. “ரன்னிங்ல ஏறாதீங்கப்பா!” என்று நடத்துநர் படிக்கட்டைப் பார்த்துச் சத்தம் போடுகிறார். உள்ளே ஒரு தச்சர் செல்பேசியில் விலை பேசிக்கொண்டிருக்கிறார்: “ஷெல்ஃபுக்கு ரன்னிங் ஃபீட் கணக்குத்தான் சார்.” பக்கத்து இருக்கையில் ஓர் அம்மா, பிள்ளைக்கு இரண்டு நாளாக ரன்னிங் நோஸ், இன்றைக்குப் பள்ளிக்கு வரமாட்டான் என்று ஆசிரியையிடம் சொல்கிறார். பின்னால் இரண்டு இளைஞர்கள் நேற்று ராத்திரி பார்த்த ரன் அவுட்டைப் பற்றி விடாமல் வாதாடுகிறார்கள். ஜன்னலோரம் இருக்கும் ஒப்பந்ததாரருக்கு ரன்னிங் பில் இன்னும் பாஸாகவில்லை என்ற கவலை.

ஓடும் வண்டி, நீளவாக்கில் அளக்கும் அடி, ஒழுகும் மூக்கு, மட்டையாளர் ஆட்டமிழந்த விதம், வேலை நடக்கும்போதே தவணை தவணையாகப் போடும் பில். ஐந்துக்கும் ஒரே ஆங்கிலச் சொல். பேருந்தில் இருப்பவர்களில் ஒருவர்கூட அதற்காக அகராதியைப் புரட்டவில்லை. சொல்லும் இடத்தை வைத்துப் பொருள் தானாகப் பிடிபட்டுவிடுகிறது.

அகராதியைப் புரட்டினால் மலைப்பு வரும். ‘ரன்’ என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 645 பொருள்களைப் பிரித்துக் காட்டுகிறது. மூன்றே எழுத்துச் சொல் அது.

ஒன்பது மாதம், ஒரு சொல்

பெரிய சொற்களைவிடச் சின்னச் சொற்கள்தான் அகராதிக்காரர்களை அதிகம் படுத்தும். சாமுவேல் ஜான்சன் இதை நேரடியாக அனுபவித்தவர். 1755 ஏப்ரலில் வெளிவந்த அவருடைய ஆங்கில அகராதியில் 42,773 பதிவுகள் இருந்தன. அவற்றில் ‘டேக்’ என்ற ஒரு வினைக்கே 134 பொருள் கொடுத்திருந்தார். கம், கெட், கிவ், புட், செட், கோ, ரன், மேக், டர்ன் போன்ற வினைகளின் பொருள் ஓரிடத்தில் நிற்காமல் விரிந்துகொண்டே போவதால் அவற்றை வரையறைக்குள் பிடிப்பது எவ்வளவு கடினம் என்று முன்னுரையில் விளக்கமாகவே எழுதினார். அந்தப் பட்டியலில் ‘ரன்’ அன்றைக்கே இருந்தது.

ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்கான யோசனை லண்டன் மொழியியல் சங்கத்தில் 1857இல் பிறந்தது. 1879இல் ஜேம்ஸ் மரே ஆசிரியரானார். தன்னார்வ வாசகர்கள் புத்தகங்களைப் படித்து, ஒரு சொல் எந்த வாக்கியத்தில் எப்படி வந்திருக்கிறது என்று சிறு தாள்களில் எழுதி அவருக்கு அஞ்சலில் அனுப்பினார்கள். வீட்டுத் தோட்டத்தில் போட்ட தகரக் கொட்டகைக்குள், சுவரெங்கும் அடித்த சிறு அறைகளில் அந்தத் தாள்களை அடுக்கி, பொருள் பிரித்து, காலவாரியாக வரிசைப்படுத்தினார். முதல் பகுதி 1884இல் வந்தது. மரே 1915இல் இறந்துபோனார். கடைசிப் பகுதி 1928இல்தான் அச்சேறியது.

1989இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது அகராதியிலேயே மிக நீண்ட பதிவு ‘செட்’ என்ற வினைக்கு இருந்தது. சுமார் 430 பொருள், 60,000 சொல் நீளம். தனியாக அச்சிட்டால் ஒரு நாவல் அளவுக்கு வரும். பிறகு முழு அகராதியையும் திருத்தி எழுதும் வேலை தொடங்கியது. 2000இல் ‘மேக்’ அந்த இடத்தைப் பிடித்தது. 2007இல் ‘புட்’. 2011இல் ‘ரன்’ எல்லாவற்றையும் முந்தியது. அந்த ஒரு வினையைச் சீர்செய்ய அகராதி ஆசிரியர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் ஆனது.

ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் உட்கார்ந்திருக்கிற அந்தப் பொறுமையை எத்தனை பாராட்டினாலும் தகும். தாள் தாளாக, வாக்கியம் வாக்கியமாக, ‘இது அதே பொருளா, சற்றே விலகிய வேறு பொருளா?’ என்று கேட்டுக் கேட்டுத்தான் 645 என்ற எண் வந்தது.

இர்னன், ஆர்னன், ஓடு, ஓட்டு

இத்தனை பொருள் ஒரு சொல்லுக்குள் எப்படி வந்து சேர்ந்தது? முதல் காரணம் அதன் வயது. ஆங்கிலம் இன்று நாம் அறிந்த ஆங்கிலமாக ஆவதற்கு முன்பே, ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில், இந்த வினை ‘ரின்னன்’ என்றும் ‘இர்னன்’ என்றும் வழங்கியது. ரகரமும் உயிரும் இடம் மாறிய இந்த விளையாட்டு தமிழருக்குப் புதிதில்லை. தசை சதையாவதும் விசிறி சிவிறியாவதும் இதே வகைதான்.

இரண்டாவது காரணம் இன்னும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் ஓடுவதற்கு ‘இர்னன்’ என்றும், குதிரையை ஓட்டிச் செல்வதற்கு ‘ஆர்னன்’ என்றும் தனித்தனி வினைகள் இருந்தன. தமிழில் ஓடு, ஓட்டு, ஆடு, ஆட்டு, கூடு, கூட்டு என்று தன்வினையும் பிறவினையும் ஓசையால் பிரிந்து நிற்கும் அதே ஏற்பாடு. ஜெர்மன் மொழியில் அந்த இரட்டை இன்றும் தடம் காட்டுகிறது: தண்ணீர் வழிந்தோடுவது ‘ரின்னென்’, மனிதர் ஓடுவது ‘ரென்னென்’. ‘ரென்னென்’ முதலில் ஓடச் செய்வதைக் குறித்த வடிவம்.

ஆங்கிலத்தில் காலப்போக்கில் சொல்லின் விகுதிகள் தேய்ந்தன. வட ஐரோப்பியக் கடலோடிகளின் மொழியும் வந்து கலந்தது. தன்வினைக்கும் பிறவினைக்கும் இருந்த வேலி விழுந்து, இரண்டு சொல் செய்த வேலை ஒரே சொல்லின் தலையில் ஏறியது. அதனால்தான் இன்று குதிரையும் ரன், குதிரையை ஓட்டுவதும் ரன். கடை நன்றாக ஓடுவதும் ரன், கடையை நடத்துவதும் ரன். தமிழில் ஓர் ஒற்றெழுத்து சுமக்கும் வேறுபாட்டை ஆங்கிலத்தில் வாக்கியத்தின் அமைப்பு சுமக்கிறது. எழுவாய் யார், பின்னால் செயப்படுபொருள் இருக்கிறதா என்று பார்த்தால்தான் பொருள் தெரியும்.

இலக்கணம் எளிதாகிவிட்டது என்று சொல்லப்படும் மொழியில் கற்பவரின் சிரமம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

காலிலிருந்து தண்ணீருக்கு

645 பொருளும் சிதறிக் கிடக்கும் 645 சரக்கு என்று நினைத்தால் மிரட்சிதான் மிஞ்சும். உண்மையில் அவை ஒரே மரத்தின் கிளைகள். அடிமரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினால் பெரும்பாலானவற்றை எட்டிவிடலாம்.

அடிமரம், கால்கள் வேகமாக மாறி மாறிப் போவது. அதிலிருந்து முதல் பெரிய கிளை தண்ணீர். ஆறு ஓடுகிறது, கண்ணீர் ஓடுகிறது, சளியால் மூக்கு ஒழுகுகிறது, துவைத்த சட்டையில் சாயம் இறங்குகிறது, மெழுகு உருகி வழிகிறது. ஆங்கிலத்துக்கு எல்லாமே ரன். குளிக்கத் தொட்டியில் தண்ணீர் பிடிப்பதும் அதுவே. தமிழ் இங்கே ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்கிறது. ஆறு ஓடும், மூக்கு ஒழுகும், சாயம் போகும், மெழுகு வழியும். இவற்றை மாற்றிப் போட்டுச் சொன்னால் சிறு குழந்தைகூடத் திருத்தும்.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ‘ரன்’ என்றாலே சிற்றோடை. உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டை 1861 ஜூலை 21 அன்று வர்ஜீனியாவில் புல் ரன் என்ற இடத்தில் நடந்தது. பெயரைக் கேட்டால் காளை ஓட்டம் என்று தோன்றும். அது ஓர் ஓடையின் பெயர். வடக்குப் படைகள் ஓடையின் பெயரால் அந்தப் போரை அழைத்தன. தெற்குப் படைகள் பக்கத்து ஊரின் பெயரால் மனாசஸ் போர் என்றன. ஓடுவதால் ‘ஓடை’ என்று தமிழ் பெயரிட்டதும் வர்ஜீனியாவில் குடியேறியவர்கள் ‘ரன்’ என்று பெயரிட்டதும் ஒரே பார்வை. ஒருவரையொருவர் அறியாத இரண்டு மக்கள் ஒரே தண்ணீரைப் பார்த்து ஒரே வினையை நினைத்திருக்கிறார்கள்.

அடுத்த கிளை, அசையாமல் நீண்டு கிடப்பவை. கடற்கரையோரமாகச் சாலை ரன் ஆகிறது, வயலைச் சுற்றி வேலி ரன் ஆகிறது. சாலை எங்கும் போவதில்லை. பார்ப்பவரின் கண்தான் அதன் மேல் ஓடுகிறது. தமிழும் இதைச் செய்கிறது: ‘இந்த ரோடு எங்கே போகுது?’ என்றுதானே கேட்கிறோம்? சுவரில் விரிசல் ஓடியிருக்கிறது என்றும், கையில் ரேகை ஓடுகிறது என்றும் சொல்கிறோம். தச்சரின் ரன்னிங் ஃபீட் இந்தக் கிளையில் காய்த்தது: அகலத்தைக் கணக்கில் சேர்க்காமல் நீளவாக்கில் மட்டும் ஓடும் அளவு.

நீளத்திலிருந்து காலம். குத்தகை மூன்று ஆண்டு ரன் ஆகும். கூட்டம் அரை மணி கூடுதலாக ரன் ஆகும். ஒரு நாடகம் அரங்கில் ரன் ஆகும். அகதா கிறிஸ்டியின் ‘தி மவுஸ்ட்ராப்’ லண்டன் மேடையில் 1952 நவம்பர் 25 அன்று தொடங்கியது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்று, 2021 மே மாதம் மறுபடி தொடங்கி, இன்னும் நடக்கிறது. தமிழ் ரசிகருக்கு இந்த ஓட்டத்தை விளக்க வேண்டியதே இல்லை. எம். கே. தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ 1944இல் வெளியாகி, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளி கண்டு ஓடியது. படம் ‘நூறு நாள் ஓடியது’ என்று சொல்லும்போது நாமும் காலை மறந்துவிடுகிறோம்.

பரம்பரையில் வரும் சர்க்கரை நோயும் குடும்பத்தில் ரன் ஆவதுதான். அது காலத்தின் வழியே, தலைமுறையிலிருந்து தலைமுறைக்கு இறங்கும் நீரோட்டம். நீரும் காலமும் இங்கே ஒரே கிளையில் வந்து சேர்கின்றன.

தண்டவாளம் வந்த பிறகு

ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் வரலாற்றை எழுதிய சைமன் வின்செஸ்டர், 2011இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் ‘ரன்’ முதலிடத்துக்கு வந்ததைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சொல்லின் இந்தப் பெருக்கத்தை இயந்திர யுகத்தோடு இணைத்தது அவர் பார்வை. அதில் நியாயம் இருக்கிறது. ரயில், கடிகாரம், மோட்டார், மின்விசிறி, கணினி என்று ஒவ்வொரு புதுப் பொருளும் வந்தபோது அது என்ன ‘செய்கிறது’ என்று சொல்ல ஒரு வினை வேண்டியிருந்தது. தானாகத் தொடர்ந்து இயங்குவது எதுவோ அதற்கெல்லாம் ‘ரன்’ கைகொடுத்தது.

நம் ஊரிலும் இதே கதைதான். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. தமிழில் அதற்கென்று புது வினை யாரும் செய்யவில்லை. மாடும் ஆறும் ஓடியது போலவே ரயிலும் ஓடியது. பிறகு கடிகாரம் ஓடியது, ஃபேன் ஓடியது, மீட்டர் ஓடியது. “ஆட்டோ மீட்டர் என்னமா ஓடுது!” என்று பதறும் பயணிக்கு அதில் கால் இல்லை என்பது ஒரு பொருட்டே இல்லை.

கணினியில்தான் தமிழ் சற்றுத் தயங்கியது. நிரலை ‘ஓட்டு’ என்பதா, ‘இயக்கு’ என்பதா என்ற கேள்வியில் எழுத்துத் தமிழ் ‘இயக்கு’ பக்கம் சாய்ந்தது. மென்பொருள் அலுவலகங்களின் பேச்சில் ‘ரன் பண்ணிப் பாரு’ நிலைத்துவிட்டது.

இயந்திரத்தை ஓட்டுபவர் தொழிற்சாலையையும் ஓட்டலாம். அங்கிருந்து நிறுவனம், பள்ளி, நாடு வரை எல்லாமே ரன் செய்யப்படுபவை ஆயின. இந்த இடத்தில் தமிழ் கால்களைக் கைவிடவில்லை. வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டது. நாம் கடையை நடத்துகிறோம், பள்ளிக்கூடம் நடத்துகிறோம், ஆட்சி நடத்துகிறோம். ஆங்கிலேயர் ஓட்டுவதை நாம் நடக்கச் செய்கிறோம்.

தேர்தலில் இந்த வேற்றுமை இன்னும் துலக்கமாகத் தெரியும். அமெரிக்க வேட்பாளர் பதவிக்கு ‘ரன்’ செய்கிறார். துணை அதிபர் வேட்பாளர் அவருடைய ‘ரன்னிங் மேட்’. குதிரைப் பந்தயத்தில் முக்கியக் குதிரைக்கு வேகம் அமைத்துக் கொடுக்க உடன் ஓடும் இன்னொரு குதிரைக்கு இருந்த பெயர் அது. பிரிட்டனில் வேட்பாளர் காலங்காலமாக ‘ஸ்டாண்ட்’ செய்பவர். தமிழிலும் தேர்தலில் ‘நிற்கிறார்’. வாஷிங்டனில் ஓடுபவர் லண்டனிலும் மதுரையிலும் நிற்கிறார்; மூன்று ஊரிலும் அவர் செய்வது ஒரே வேலை.

வங்கியை நோக்கி

சில பொருள்களுக்குள் நிஜமான கால்களின் சத்தம் இன்னும் கேட்கும். வங்கி மீது ‘ரன்’ என்றால், போட்ட பணம் போய்விடுமோ என்ற பயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க ஓடுவது. வங்கி அந்தப் பணத்தையெல்லாம் பெட்டியில் பூட்டி வைத்திருப்பதில்லை; கடனாகக் கொடுத்திருக்கிறது. எல்லோரும் ஒன்றாக வந்து கேட்டால் நல்ல வங்கியும் தள்ளாடும். அதனால் பயமே ஆபத்தை உண்டாக்கிவிடுகிறது.

2007 செப்டம்பரில் நார்தர்ன் ராக் வங்கியின் கிளைகளுக்கு முன்னால் வாடிக்கையாளர்கள் மணிக்கணக்காக வரிசையில் நின்றார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பிரிட்டன் காணாத காட்சி அது. பதினைந்து ஆண்டு கழித்து, 2023 மார்ச் 9 அன்று, கலிஃபோர்னியாவின் சிலிகான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியே போனது. பெரும்பகுதி கணினியிலும் செல்பேசியிலும் விரல் தட்டியே நடந்தது. அதற்கும் பெயர் பேங்க் ரன்தான். ஓடுவதற்குக் கால் தேவைப்படாத காலத்திலும் ஓட்டம் என்ற பெயர் மாறவில்லை.

இன்னொரு சொற்றொடருக்குள் ஒரு கொடிய தண்டனை உறைந்திருக்கிறது. எல்லாப் பக்கமும் தாக்குதலைத் தாங்கி வெளியே வருவதை ஆங்கிலத்தில் ‘ரன் தி காண்ட்லெட்’ என்பார்கள். காண்ட்லெட் என்றால் இரும்புக் கையுறை. கையுறைக்கும் ஓட்டத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஸ்வீடிஷ் மொழியில் ‘காத்லோப்’ என்று ஒரு சொல். காதா என்றால் தெரு, லோப் என்றால் ஓட்டம். தப்பு செய்த படைவீரனை இரண்டு வரிசைச் சகவீரர்களுக்கு நடுவே ஓடவிட்டு, இருபுறமும் அடிக்கும் பழக்கம் அது. 17ஆம் நூற்றாண்டில் அந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்து, காதுக்குப் பழகிய கையுறைச் சொல்லோடு கலந்துவிட்டது. அடிபட்டவனின் ஓட்டம் மட்டும் சொல்லில் தங்கியது.

ஒட்டிக்கொள்ளும் துணுக்குகள்

பிறமொழிக்காரரைப் பெரிதும் தடுமாறச் செய்வது வினையோடு ஒட்டும் சின்னத் துணுக்குகள் என்று ஜான்சன் 1755லேயே எழுதிவிட்டார். ‘ரன்’ இதற்குச் சரியான சாட்சி. ‘இன்டு’ சேர்ந்தால் மோதுவது. அல்லது வழியில் தற்செயலாக ஒருவரைச் சந்திப்பது. ‘அவுட்’ சேர்ந்தால் சர்க்கரை தீர்ந்துபோவது. ‘ஓவர்’ சேர்ந்தால் வண்டி ஏறிவிடுவது, பால் பொங்கி வழிவது, கூட்டம் நேரம் தாண்டிப் போவது. ‘டவுன்’ சேர்ந்தால் பேட்டரி இறங்குவது, ஒருவரை மட்டம்தட்டிப் பேசுவது, தேடிப் பிடிப்பது. ‘அப்’ சேர்ந்தால் கடன் ஏறுவது. ‘த்ரூ’ சேர்ந்தால் ஒருமுறை ஒத்திகை பார்ப்பது.

இதை மனப்பாடம் செய்ய முயன்று மனம் நொந்தவர்கள் நம் ஊரில் ஏராளம். ஒரு சொல்லுக்கு நேரே ஒரு தமிழ்ப்பொருள் எழுதிய பட்டியல் நோட்டு இந்த இடத்தில் உதவாது. தமிழும் இதே வேலையை வேறு வழியில் செய்கிறது என்பதை நினைத்துக்கொண்டால் பயம் பாதி குறையும். பார்த்துக்கொள், பார்த்துவிடு, பார்த்துவை, பார்த்துப்போ: முதல் சொல் நான்கிலும் ஒன்று. துணைவினை மாறியதும் பொறுப்பேற்பது, செய்து முடிப்பது, முன்கூட்டித் தேடி வைப்பது, எச்சரிக்கையாக நடப்பது என்று பொருள் பிரிகிறது. தமிழ் கற்க வரும் வெளிநாட்டவர் இதே இடத்தில்தான் தலையில் கைவைத்து உட்காருகிறார். இரண்டு மொழிக்கும் மருந்து ஒன்றுதான்: துணுக்கைத் தனியே படிக்காமல், அது வாழும் முழு வாக்கியத்தோடு காதில் வாங்க வேண்டும்.

மாற்றுச் சொற்களின் ஊர்

‘ரன்’ என்பதற்குப் பதில் வேறு சொல் வேண்டும் என்று தேடுபவர் கடைசியில் ரொஜேயிடம் போய்ச் சேருவார். பீட்டர் மார்க் ரொஜே ஒரு மருத்துவர். லண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளராக இருபது ஆண்டுக்கு மேல் இருந்தவர். 1805இல் தன் சொந்த உபயோகத்துக்காகச் சொற்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்தத் தொடங்கினார். அது ‘தெசாரஸ்’ என்ற பெயரில் அச்சாகி 1852இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 73.

சொற்களை அகர வரிசையில் வைக்காமல் பொருள் வரிசையில் வைப்பது தமிழுக்குப் பழைய பழக்கம். ரொஜேவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே திவாகர நிகண்டு தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று பன்னிரண்டு தொகுதியாகச் சொற்களை அடுக்கியது. ஒரு சொல்லுக்குப் பல பொருள் வருவதற்கென்றே அதில் ஒரு தனித் தொகுதி உண்டு. நிகண்டைப் பாடமாக ஒப்பித்துப் படித்த தலைமுறைக்கு 645 என்ற எண் வியப்பைத் தந்திருக்கும். ஒரு சொல் பல பொருள் தரும் என்ற செய்தி வியப்பைத் தந்திருக்காது.

ரொஜேயின் பட்டியலில் ஓட்டத்துக்கு வரும் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு தனி ஊரிலிருந்து வந்தவை. குதிரைப் பாய்ச்சலைக் குறிக்கும் ‘கேலப்’ பிரெஞ்சு வழியாக வந்தது. ‘நன்றாக ஓடு’ என்ற பழைய ஜெர்மானியத் தொடர் அதன் வேர் என்பார்கள். திடீரென்று பாய்ந்து ஓடும் ‘போல்ட்’ வில்லிலிருந்து புறப்பட்ட குட்டை அம்பின் பெயர். 2009 ஆகஸ்ட் 16 அன்று பெர்லினில் நூறு மீட்டரை 9.58 விநாடியில் ஓடிய உசைன் போல்ட்டுக்கு அந்தக் குடும்பப் பெயர் எப்படிப் பொருந்திவிட்டது! ‘ஜாக்’ முதலில் லேசாக அசைப்பது, இடிப்பது என்ற பொருளில் இருந்த சொல். அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன் 1962இல் நியூசிலாந்துக்குப் போனபோது, வயதானவர்களும் மெதுவாக ஓடிப் பயில்வதை அங்கே ஆர்தர் லிடியர்டின் குழுவில் கண்டார். ஊர் திரும்பி 1967இல் ‘ஜாகிங்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். இன்று மெரினாவிலும் பூங்காக்களிலும் காலையில் கேட்கும் சொல் அப்படிப் பரவியது.

நிர்வாகம் என்ற பொருளுக்கு மாற்றாக வரும் ‘மேனேஜ்’ இன்னும் அழகு. கையைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் பிறந்து, குதிரையைப் பழக்கி நடத்துவது என்ற பொருளோடு இத்தாலியிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்தது. கடையை ரன் செய்தாலும் மேனேஜ் செய்தாலும், இரண்டுக்கும் பின்னால் ஒரு குதிரை நிற்கிறது.

ஆக, மாற்றுச் சொல் என்பது பெயருக்குத்தான் மாற்று. பயந்து ஓடுவதும் பந்தயத்தில் ஓடுவதும் நடுங்கும் அணில் ஓடுவதும் ஒன்றில்லை. தமிழிலும் விரைந்தான், பாய்ந்தான், ஓட்டமெடுத்தான், கம்பி நீட்டினான் எல்லாம் ஓடியவைதான். ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்துப் பார்த்தால் தெரியும், ஆளே மாறிவிடுவான்.

வேறு வேடத்தில் ஓடுபவை

ஆங்கிலத்துக்குள் ‘ரன்’ தவிர இன்னும் இரண்டு ஓட்டங்கள் மாறுவேடத்தில் இருக்கின்றன. லத்தீனில் ஓடுவதற்கு ‘குர்ரெரெ’. ஓடும் இடமாக இருந்த காரிடார், செய்தியோடு ஓடிய கூரியர், மாணவர் ஓடி முடிக்க வேண்டிய களமான கரிக்குலம், ஓடும் நீரும் மின்சாரமுமான கரண்ட் எல்லாம் அந்தக் குடும்பம். கணினித் திரையில் கண் சிமிட்டும் கர்சர் என்றால் லத்தீனில் ஓடுபவன். கணினிக்கு முன்பு சறுக்கு அளவுகோலின் மேல் நகரும் கண்ணாடித் துண்டுக்கு அந்தப் பெயர் இருந்தது. தெசாரஸ் எழுதிய ரொஜே அந்த அளவுகோலில் புது வகை ஒன்றை வடிவமைத்தவர் என்பது இன்பமான தற்செயல்.

கிரேக்கத்தில் ‘த்ரோமோஸ்’ என்றால் ஓட்டம், ஓடுகளம். நோய்க்குறிகள் சேர்ந்து ஓடிவருவது சிண்ட்ரோம். திரும்பி ஓடுவது பாலிண்ட்ரோம். விகடகவி என்று எப்படிப் படித்தாலும் ஒன்றாக வரும் அந்த வகைக்குத் தமிழ்ப் புலவர்கள் மாலைமாற்று என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கரண்டுக்குத் தமிழ் வைத்த பெயரைப் பாருங்கள்: மின்னோட்டம். லத்தீன் வேரில் இருந்த அதே ஓட்டம் தமிழிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஓட்டம் என்ற சொல் தமிழில் பெற்ற பிள்ளைகளும் குறைவில்லை. நீரோட்டம், தேரோட்டம், இரத்த ஓட்டம், எண்ண ஓட்டம். புதுத் தேரை இழுத்துப் பார்க்கும் சோதனைக்கு வெள்ளோட்டம். ஆங்கிலத்தின் ட்ரையல் ரன் அதன் இரட்டைப் பிறவி. திருக்குறளின் 58ஆவது அதிகாரம் கண்ணோட்டம். பிறர்மேல் கண் ஓடிக் கனிவதை, இரக்கத்தைச் சொன்ன சொல் அது. இன்று அதே சொல் ‘பார்வைக் கோணம்’ என்ற பொருளில் நாளிதழ்களில் வருகிறது. கண் ஓடியது இரண்டிலும் உண்டு. கனிவு மட்டும் வழியில் இறங்கிக்கொண்டது.

கல்லூரிப் பையன்கள் நண்பனைக் கேலி செய்தால் ‘ஓட்டுறாங்க’. வருமானம் போதாத வீட்டில் ‘ஏதோ பொழப்பு ஓடுது’. இவையெல்லாம் ஒரே பதிவின் கீழ் வரிசைகட்டி நின்றால், ‘ஓடு’ என்ற வினையும் ஒன்பது மாத உழைப்பைக் கேட்கும் சொல்தான் என்று புரியும். அப்படி ஓர் உழைப்புக்குத் தமிழில் ஆளும் பொருளும் கூடிவர வேண்டும் என்ற ஆசை, சொற்களை நேசிக்கும் எவருக்கும் எழாமல் இருக்காது.

பேருந்தின் பின்னிருக்கையில் அந்த இளைஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய ரன்னுக்கும் ஒரு பழங்கதை உண்டு. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிரிக்கெட் திடல்களில் ரன்னுக்கு ‘நாட்ச்’ என்று பெயர். மட்டையாளர்கள் எதிரெதிரே ஓடி முடிக்கும் ஒவ்வொரு முறையும் கணக்கர் ஒரு குச்சியில் கத்தியால் வெட்டு போடுவார். அந்த வெட்டின் பெயரே எண்ணிக்கைக்கும். குச்சி போய்க் காகிதம் வந்தது. ஓடிய ஓட்டமே கணக்குக்குப் பெயரானது. தமிழ்நாட்டு நாளிதழ்கள் அதை ‘ரன்’ என்றே எழுதுகின்றன. இலங்கைத் தமிழ் ஊடகங்களில் அது ‘ஓட்டம்’.

பந்து எல்லைக் கோட்டைத் தாண்டி ரசிகர்கள் நடுவே விழுகிறது. மட்டையாளர் அடித்த இடத்திலேயே மட்டையை ஊன்றி நிற்கிறார். எதிர்முனையில் இருப்பவரும் நகரவில்லை. நடுவர் இரண்டு கைகளையும் மேலே தூக்குகிறார். கொழும்பு வானொலியில் வர்ணனையாளரின் குரல் உயர்கிறது: ஆறு ஓட்டங்கள்!